இரண்டாவது மரம்: ஒரே ஒரு போர்பன் வாங்குவதென்றால் எது?

போன மாதம் என் மனைவியின் தம்பி சிகாகோவிலிருந்து கென்டக்கி மாநிலத்து லூயிவில்லுக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். திரும்பிப் போகும்போது ஒரு பாட்டில் போர்பன், அதாவது அமெரிக்க மக்காச்சோள விஸ்கி, வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்றான். கென்டக்கிக்கு வந்தவர்கள் யாரும் அது இல்லாமல் கிளம்புவதில்லை. ஆனால் அவன் போட்ட நிபந்தனைகள்தான் என்னை யோசிக்க வைத்தன. "அத்தான், சாதாரண போர்பன் எங்க ஊர்லயே எல்லாக் கடையிலயும் இருக்கு. நல்லா ஸ்ட்ராங்கா இருக்கணும். வேற ஏதாவது மரத்துல ஃபினிஷ் பண்ணதா இருக்கணும். ஒண்ணே ஒண்ணுதான். நூறு டாலர் வரைக்கும் யோசிக்காம குடுப்பேன், அதுக்கு மேலன்னா நீங்க காரணம் சொல்லணும்."

நியாயமான கேள்வி. ஃபினிஷ் என்பது, ஓக் பீப்பாயில் ஊறி முடிந்த போர்பனைக் கடைசியில் கொஞ்ச காலம் இன்னொரு மரத்தோடு வைத்து எடுப்பது. என் அலமாரியில் அப்போது மூன்று பாட்டில்கள் திறந்திருந்தன: மேக்கர்ஸ் மார்க் பிரைவேட் செலக்‌ஷன், பேரல் வான்டேஜ், ஏஞ்சல்ஸ் என்வி காஸ்க் ஸ்ட்ரெங்த் (பீப்பாயில் இருந்த வீரியத்திலேயே அடைத்தது). நான்காவதாக, பிரேசிலின் அம்புரானா மரத்தில் ஃபினிஷ் செய்த போர்பன் ஒன்றை ஊருக்குள் ஒரு பாரில் ஆளுக்கு ஒரு சின்ன கிளாஸ் வாங்கிப் பார்த்தோம். நான்கு நாள், நாளைக்கு ஒன்று, இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால். அதற்கு மேல் ஊற்றினால் நாக்கு மரத்துவிடும், அப்புறம் எதைச் சொன்னாலும் அது ஊகம்தான்.

முதலில் ஒரு விஷயம். போர்பன் என்று பெயர் வைக்க அமெரிக்கச் சட்டம் கறாராகச் சில விதிகளை வைத்திருக்கிறது. தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். 80 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் ஏறும்படி வடிக்கக் கூடாது. உட்புறம் கருக்கிய புதிய ஓக் கலனில்தான் ஊற வைக்க வேண்டும், அதற்குள் ஊற்றும்போது 62.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நிறமோ மணமோ வெளியிலிருந்து சேர்க்கக் கூடாது. தண்ணீர் மட்டும் சேர்க்கலாம். ஆக, கிளாஸில் தெரியும் நிறம் முழுவதும், ருசியில் பெரும்பங்கும், அந்த ஒரு புதிய பீப்பாய் கொடுத்தது. ஏற்கனவே மரம் நிறைந்த பானம் இது. அதன் மேல் இன்னொரு மரம் எதற்கு?

இதை எனக்கு நானே புரிய வைத்துக்கொண்டது தாளிப்பை வைத்துத்தான். பருப்பு வெந்து, உப்பு சரியாகி, குழம்பு ஆனபிறகு கடைசியில் போடுவது தாளிப்பு. கடுகும் மிளகாயும் பெருங்காயமும் அளவாக விழுந்தால் பருப்பின் ருசி முன்னால் வந்து நிற்கும். பெருங்காயம் ஒரு சிட்டிகை கூடிப்போனால் அன்றைக்குச் சாப்பிட்டது பெருங்காயம்தான், பருப்பு எங்கே போனது என்றே தெரியாது. இரண்டாவது மரத்தையும் நான் அப்படித்தான் எடை போடுகிறேன். ருசித்து முடித்தபின் சோளத்தின் இனிப்பு இன்னும் இருக்கிறதா என்று தேடுவேன். இருந்தால் அந்த ஃபினிஷ் வேலை செய்திருக்கிறது.

ஸ்ட்ராங்காக, அதாவது ப்ரூஃப் அதிகமாக இருக்க வேண்டும் என்று அவன் கேட்டதும் சரிதான். ப்ரூஃப் எண்ணைப் பாதியாக்கினால் ஆல்கஹால் சதவீதம்: 114 ப்ரூஃப் என்றால் 57 சதவீதம். வாசனையைச் சுமக்கும் எண்ணெய்ப் பசையுள்ள பொருள்கள் ஆல்கஹாலில் நன்றாகக் கரையும், தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. பாட்டிலுக்குள் தண்ணீர் குறைவாக இருக்கும்போது மரம் கொடுத்தது ஏறக்குறைய அப்படியே நம் கைக்கு வருகிறது. எவ்வளவு தண்ணீர் சேர்ப்பது என்பதை நாமே முடிவு செய்யலாம்.

அந்தத் தண்ணீர்க் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், இது இல்லாமல் இந்த வகைப் பாட்டில் வாங்கிப் பயனில்லை. 57 சதவீதத்தில் 30 மி.லி. ஊற்றினால், அதை 50 சதவீதத்துக்கு இறக்க 4 மி.லி.க்குச் சற்று மேல் தண்ணீர் போதும். ஒரு டீஸ்பூனுக்கும் கொஞ்சம் குறைவு. சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு முறையும் முகர்ந்து பார்க்க வேண்டும். இன்னொன்றும் மனதில் இருக்கட்டும்: 57 சதவீதத்தில் 30 மி.லி.யும், 40 சதவீதத்தில் 45 மி.லி.யும் உள்ளே போகும் ஆல்கஹாலில் கிட்டத்தட்ட ஒன்றுதான். கிளாஸில் அளவு சின்னதாகத் தெரிகிறதே என்று இரண்டாவது முறை ஊற்றுவது தப்புக் கணக்கு.

முதல் நாள் மேக்கர்ஸ் மார்க். லொரெட்டோ என்ற சிற்றூரில் இருக்கும் பழைய பெயர். இவர்கள் கலவையில் கம்புக்குப் பங்கு இல்லை என்பது முக்கியம். அமெரிக்காவில் ரை என்கிறார்களே, அதைத்தான் சொல்கிறேன், நம்மூர்க் கம்பு வேறு. சோளம் 70, கோதுமை 16, முளைகட்டிய பார்லி 14. ரை கொடுக்கும் மிளகுக் காரம் இல்லாததால் அடித்தளமே மென்மையாக இருக்கிறது. பீப்பாயில் ஊற்றுவதும் சட்டம் அனுமதிக்கும் 125 ப்ரூஃபில் இல்லை, 110இல்தான். அதனால் பீப்பாய் வீரியத்திலேயே பாட்டிலில் அடைத்தாலும் பெரும்பாலும் 108க்கும் 114க்கும் நடுவில் நிற்கிறது.

பிரைவேட் செலக்‌ஷனில் இரண்டாவது பீப்பாய் கிடையாது. ஊறி முடித்த போர்பனை எடுத்து, அதே பீப்பாய்க்குள் பத்து மரப்பலகைகளைக் கோத்து இறக்கி, மறுபடியும் ஊற்றி, சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து கட்டிய குளிர்ந்த நிலவறையில் சுமார் ஒன்பது வாரம் வைக்கிறார்கள். 2010இல் வந்த மேக்கர்ஸ் 46இல் தொடங்கிய வழி இது. பலகைகள் ஐந்து வகை: வாட்டிய அமெரிக்க ஓக் ஒன்று, வேறு வேறு பக்குவத்தில் வாட்டிய பிரெஞ்சு ஓக் நான்கு. எந்த வகையில் எத்தனை என்று கடைக்காரரே நேரில் போய்த் தேர்ந்தெடுக்கிறார். ஐந்து வகையிலிருந்து பத்து எடுக்க 1001 விதம் உண்டு. அதனால் பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் ஒரே பெயரில் இரண்டு வேறு பானங்கள் இருக்கும். லேபிளின் பக்கவாட்டில் எண்ணிக்கை அச்சடித்திருப்பார்கள். அதைப் படிக்காமல் வாங்கக் கூடாது. என்னுடையதில் ரோஸ்டட் பிரெஞ்ச் மோக்கா நான்கு, மேக்கர்ஸ் 46 என்ற வகை மூன்று, க்யூவே இரண்டு, ஸ்பைஸ் ஒன்று.

மூக்கில் முதலில் வந்தது கடலைமிட்டாய்ப் பாகு, கம்பிப் பதத்தைத் தாண்டிக் கொஞ்சம் சிவந்த பாகு. பின்னால் காப்பிக்கொட்டை வறுக்கும் கடையைத் தாண்டிப் போகும்போது வருமே, அந்த வாசம். நாக்கில் இனிப்பும் கருகலும் ஒன்றாக வந்து, கடைசியில் லேசான துவர்ப்பு. இந்த இடத்தில் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. பிரெஞ்சு ஓக்கின் டானின் விடும் உணர்வை ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் நாலு வார்த்தையில் சுற்றி வளைத்துச் சொல்வார்கள். நெல்லிக்காயும் வாழைப்பூவும் தின்று வளர்ந்தவர்களுக்குத் துவர்ப்பு என்றால் போதும். இதில் அது அளவோடு இருக்கிறது. நெல்லிக்காய்க்குப் பின் தண்ணீர் குடித்தால் வரும் இனிப்பு மாதிரி, துவர்ப்பு போனதும் ஒரு தித்திப்பு மிஞ்சுகிறது. தண்ணீர் விட்டதும் காரம் அடங்கி, வெண்ணெயும் நாட்டுச்சர்க்கரையும் பிசைந்த மாதிரி ஆனது. பத்துப் பலகைகள் ஒன்பது வாரம் இருந்தும் சோளம் எங்கும் ஓடிப்போகவில்லை. விலை பெரும்பாலும் 70 முதல் 80 டாலர். குறை சொல்ல வேண்டும் என்றால் ஒன்றுதான்: இது மிக நல்ல மேக்கர்ஸ் மார்க், ஆனால் மேக்கர்ஸ் மார்க்தான். "வேற மரம்" என்று கேட்டவனுக்கு இதில் ஆச்சரியம் குறைவு.

இரண்டாம் நாள் வான்டேஜ். இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

லூயிவில்லின் பேரல் கிராஃப்ட் ஸ்பிரிட்ஸ் தாங்களாக வடித்துப் பெயர் வாங்கியவர்கள் இல்லை. வேறு ஆலைகளில் வடித்ததை வாங்கி, கலந்து, ஃபினிஷ் செய்து, தண்ணீர் சேர்க்காமல் பாட்டிலில் அடைப்பது அவர்கள் தொழில். சிலருக்கு இது இளக்காரம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கலப்பது தனிக் கலை, மோசமாகக் கலந்ததைக் குடித்தவர்களுக்கு அது தெரியும். வான்டேஜில் இந்தியானா, டென்னசி, கென்டக்கி மூன்று மாநிலத்து போர்பன் இருக்கிறது. ஃபினிஷும் மூன்று ஓக்கில்: ஜப்பானின் மிசுனாரா, பிரெஞ்சு ஓக், வாட்டிய அமெரிக்க ஓக். 114.44 ப்ரூஃப். விலை 90 டாலரைச் சுற்றி.

மிசுனாரா என்றால் நீர் ஓக் என்று பொருள், மரத்தில் அவ்வளவு ஈரம். அமெரிக்க வெள்ளை ஓக்கில் நீர் ஏறும் நாளங்களை மரமே ஒரு திசுவால் அடைத்துக்கொள்ளும், அதனால் பீப்பாய் ஒழுகாது. மிசுனாராவில் அந்த அடைப்பு குறைவு. மரமும் நேராக வளராமல் முறுக்கிக்கொண்டு வளரும். பீப்பாய் செய்யும் பருமனுக்கு வர 200 ஆண்டுகள் ஆகும் என்பார்கள். பலகை அறுப்பதும் கஷ்டம், செய்த பீப்பாயும் கசியும். அப்படியிருந்தும் ஜப்பானியர்கள் இதைத் தொட்டதற்குக் காரணம் இரண்டாம் உலகப்போர். வெளிநாட்டுப் பீப்பாய்கள் வருவது நின்றுபோனதால் உள்ளூர் மரத்தை எடுத்தார்கள். முதலில் மர வாடை அதிகம் என்று பிடிக்கவில்லை. நீண்ட காலம் ஊறிய பிறகுதான் அதன் மணம் புரிந்தது. அந்த மணத்தை ஜப்பானியர்கள் ஊதுபத்திக்கும் கோயிலுக்கும் ஒப்பிடுவார்கள்.

கிளாஸை மூக்கருகே கொண்டுபோன மச்சினன் ஒரு நிமிடம் பேசவில்லை. "அத்தான், இது எங்க தாத்தா பூஜை அறை" என்றான். சந்தனம்தான், ஆனால் பவுடர் டப்பாவில் வரும் செண்ட் வாசனை கிடையாது. கல்லில் தண்ணீர் தெளித்துக் கட்டையை இழைக்கும்போது முதல் வட்டத்தில் எழும் ஈரச் சந்தனம். அதன் கீழே வறுத்த தேங்காய்த்துருவல். இன்னும் கீழே, இரண்டு மூன்று முறை முகர்ந்தபின், வெல்லம் போட்ட சோளம். போர்பன் அங்கேயே இருந்தது, கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது.

முதல் வாய் சுட்டது, மறைக்க ஒன்றுமில்லை. இந்த வீரியத்தில் முதல் வாயை எந்தக் கணக்கிலும் சேர்க்கக் கூடாது, அது நாக்கைப் பழக்குவதற்கு. இரண்டாவது வாயில் கிராம்பு, சுக்கு, பேரீச்சம்பழம், அப்புறம் பிரெஞ்சு ஓக்கின் துவர்ப்பு. துவர்ப்பு மேக்கர்ஸில் இருந்ததைவிடக் கூடுதல், நடு நாக்கில் கொஞ்சம் வறட்சியாகவே உட்கார்ந்தது. எனக்கு இந்த இடம் மட்டும் உறுத்தல். டீஸ்பூன் கணக்குப்படி தண்ணீர் விட்டதும் அது பெருமளவு கரைந்தது. கரைந்தபின் நடந்ததுதான் விசேஷம்: சந்தனம் மூக்கிலிருந்து வாய்க்கு இறங்கியது. விழுங்கிய பிறகு, மூச்சை மூக்கு வழியே விட்டால் மறுபடியும் அதே இழைத்த கல். அரை மணி நேரம் ஒரே கிளாஸ், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வேறு ஆளாக இருந்தது.

மூன்று ஓக்கும் மூன்று வேலையைப் பங்கிட்டுக்கொண்டதாக எனக்குப் படுகிறது. வாட்டிய அமெரிக்க ஓக் இனிப்பைக் கூட்டியது. மரத்தைக் கருக்குவதும் வாட்டுவதும் ஒன்றில்லை. கருக்கினால் மேல்தோல் கரியாகி வடிகட்டி மாதிரி வேலை செய்யும். நெருப்பைத் தள்ளி வைத்து நிதானமாக வாட்டினால் சூடு மரத்துக்குள் ஆழமாக இறங்கி, அங்கே இருக்கும் சர்க்கரைப் பொருள்கள் உடைந்து பாகு ருசியாகும், மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் உடைந்து வெனிலா வாசம் தரும். கத்திரிக்காயைத் தீயில் காட்டித் தோலைக் கருக்குவதற்கும் தணலில் புதைத்து வேக வைப்பதற்கும் உள்ள வித்தியாசம். அந்த இனிப்பு இல்லாவிட்டால் மிசுனாராவும் பிரெஞ்சு ஓக்கும் சேர்ந்து வாயை உலர்த்தியிருக்கும் என்பது என் கணிப்பு.

மூன்றாம் நாள் ஏஞ்சல்ஸ் என்வி. பிரவுன்-ஃபோர்மன் என்ற பெரிய மது நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற லிங்கன் ஹெண்டர்சன் திரும்பி வந்து உருவாக்கியது. போர்ட் என்னும் இனிப்பு ஒயின் இருந்த பீப்பாயில் ஃபினிஷ் செய்வதை அமெரிக்காவில் பரவலாக்கியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. வழக்கமான பாட்டில் 86.6 ப்ரூஃப்தான். காஸ்க் ஸ்ட்ரெங்த் 2012இலிருந்து ஆண்டுக்கு ஒரு முறை வருகிறது, பெரும்பாலும் 120 ப்ரூஃபை ஒட்டி. கிளாஸில் ஊற்றியதும் உலர்திராட்சை, நாவல்பழத்தின் அடர்ந்த ஊதா ருசி, சாக்லேட். இத்தனை வீரியத்திலும் வழுவழுப்பாக இறங்கியது. நான்கில் முதல் வாயிலேயே பிடித்துப்போவது இதுதான், விருந்தாளிக்கு ஊற்ற இதைவிட நல்ல பாட்டில் என் வீட்டில் இல்லை. ஆனால் இங்கே வேலை செய்வது மரத்தில் ஊறியிருந்த ஒயின். மரத்தைத் தேடுபவனுக்கு இது வேறு கதை. விலையும் 200 டாலருக்கு மேல். அவன் கேட்ட காரணத்தை என்னால் சொல்ல முடியவில்லை.

நான்காவது, அம்புரானா. பிரேசிலில் கஷாசா என்னும் கரும்புச்சாற்று மதுவை ஊற வைக்கும் மரம். ஓக் இனமே இல்லை, அவரைக் குடும்பத்து மரம். இதில் கூமரின் என்னும் மணப்பொருள் நிறைய உண்டு, இந்த மரத்தின் வாசனைக்கு அதுதான் காரணம். கிளாஸ் மேசைக்கு வருமுன்பே பட்டையும் சுக்கும் வெனிலாவும் வந்துவிட்டன. கிறிஸ்துமஸ் சமயத்தில் பேக்கரிக்குள் நுழைந்த மாதிரி. முதல் வாயில் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம், அவ்வளவு சந்தோஷமான ருசி. கிளாஸ் பாதி ஆவதற்குள் போதும் என்றாகிவிட்டது. தண்ணீர் விட்டுப் பார்த்தேன், பட்டை. இன்னும் விட்டேன், மேலும் பட்டை. சோளத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. பெருங்காயம் கூடிப்போன பருப்பு. எல்லா அம்புரானாவும் இப்படித்தான் என்று ஒரே கிளாஸை வைத்துச் சொல்ல மாட்டேன். மரத்தில் எத்தனை நாள் வைத்தார்கள் என்பதைப் பொறுத்தது அது. ஆனால் இந்த மரத்தை பாட்டிலாக வாங்கும் முன் கிளாஸாக வாங்கிப் பாருங்கள் என்று அழுத்தமாகச் சொல்வேன். 750 மி.லி. பாட்டிலைக் குடித்து முடிப்பது ரொம்ப நீளமான வழி.

ஆக, போட்டி மேக்கர்ஸுக்கும் வான்டேஜுக்கும் நடுவில் வந்து நின்றது. தினசரி கையில் எடுக்க, ஐஸ் போட்டுக் குடிக்க, நண்பர்களுக்குத் தயங்காமல் ஊற்ற என்றால் என் ஓட்டு மேக்கர்ஸுக்கு. 15, 20 டாலர் மிச்சம், ஏமாற்றம் என்ற பேச்சே இல்லை. ஆனால் அவன் கேட்டது வீரியமும் வேற்று மரமும். ஒரே ஒரு பாட்டில், ஆறு மாதம் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கப் போகிறான். அந்தக் கேள்விக்கு வான்டேஜ்தான் பதில் என்று நான் சொன்னேன். அவனுக்கு அந்த நடு நாக்கு வறட்சி பயமாக இருந்தது. "தினம் தண்ணி கலந்து கணக்குப் பாத்துக்கிட்டு இருக்கணுமா அத்தான்?" என்றான்.

முடிவு செய்தது மறுநாள் காலை. காலி கிளாஸ்களை நான் உடனே கழுவுவதில்லை. ராத்திரி முழுக்க ஆல்கஹால் பறந்துபோனபின் கண்ணாடியில் ஒட்டியிருப்பது மரம் மட்டும்தான், அதைக் காலையில் முகர்ந்தால் ஃபினிஷின் உண்மை தெரியும். கடைசி நாள் இரவு ஒப்பிட்டுப் பார்க்க மேக்கர்ஸ், ஏஞ்சல்ஸ் என்வி, வான்டேஜ் மூன்றிலும் ஒவ்வொரு வாய் மட்டும் ஊற்றியிருந்தோம். விடிந்ததும் மேக்கர்ஸ் கிளாஸில் ஆறிப்போன காப்பி டம்ளர் வாசம், நல்ல வாசம்தான். ஏஞ்சல்ஸ் என்வியில் மங்கலாகத் திராட்சை. என் மனைவி குடிப்பதில்லை. பாத்திரம் எடுத்து வைக்க வந்தவள் மூன்றாவது கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "இதுல என்ன சந்தனம் கரைச்சீங்களா?" என்று கேட்டாள். தம்பி என்னைப் பார்த்தான்.

பதினோரு மணிக்குக் கடை. வான்டேஜ் ஒன்று வாங்கினான். கூடவே மருந்துக்கடையில் ஒரு சின்ன டிராப்பரும் வாங்கச் சொன்னேன், 2 டாலர்கூட ஆகவில்லை. கார் பின்சீட்டில் துண்டில் சுற்றிப் படுக்க வைக்கப் போனவனை நிறுத்தி, நிமிர்த்தி வை மாப்ளே என்றேன். ஒயின் மாதிரி இதைப் படுக்க வைக்கக் கூடாது. 57 சதவீத ஆல்கஹால் கார்க்கைத் தொட்டுக்கொண்டே இருந்தால் கார்க் உதிரும், ருசியும் கெடும். வீட்டிலும் நிமிர்த்தியே, வெயில் படாத அலமாரியில். கழுத்தளவு குறைந்ததும் ஒரு வாரம் தொடாமல் விட்டுவிடு, காற்றுப் பட்டதும் அந்த வறட்சி இன்னும் கொஞ்சம் தணியும் என்று சொல்லி அனுப்பினேன். இண்டியானாபொலிஸ் தாண்டும்போது போன் செய்தான். கார் முழுக்க எதுவும் மணக்கவில்லை, பாட்டில் பத்திரம் என்றான்.